பழைய கான்டெஸாவா, புதிய ஓஷனிஸா? – பாய்ப் படகு கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் இருவர், பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சொந்தப் படகு தேடியதில் இரண்டு மனதில் நிற்கின்றன. ஒன்று, 1974இல் கட்டிய கான்டெஸா 32. இன்னொன்று, 2017இல் கட்டிய பெனிட்டோ ஓஷனிஸ் 38.1, இதன் விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. இப்போதைக்குக் கோடை விடுமுறையில் ஆங்கிலக் கால்வாயும் பிரான்ஸின் பிரிட்டனி கரையும். பிறகு பிஸ்கே வளைகுடாவைத் தாண்டி ஸ்பெயின் போக ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகர், சவுத்தாம்ப்டன்

பதில்: முதலில் அந்த 32, 38 என்ற எண்களை மறந்துவிடுங்கள். அவை விளம்பரத் தாளுக்கு உதவும். கான்டெஸாவின் மொத்த நீளம் 9.75 மீட்டர், ஓஷனிஸுக்கு 11.50 மீட்டர், வித்தியாசம் 1.75 மீட்டர்தான். நீர்மட்டத்தில் அளந்தால் கதையே வேறு. கான்டெஸாவின் முன்மூக்கும் பின்பக்கமும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், தண்ணீரில் படும் நீளம் 7.32 மீட்டர் மட்டும். செங்குத்து மூக்குள்ள ஓஷனிஸுக்கு அது 10.72 மீட்டர். ஆக, உண்மையான வித்தியாசம் 3.4 மீட்டர். அகலம் 2.90 மீட்டருக்கு 3.99 மீட்டர். வெற்றுப் படகின் எடை 4.3 டன்னுக்கு 6.85 டன்.

இதை வேகக் கணக்கில் பாருங்கள். இங்கிலாந்தின் நீடில்ஸ் பாறையிலிருந்து பிரான்ஸின் ஷெர்பூர் சுமார் 60 கடல் மைல். கான்டெஸா சராசரியாக 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) போனால் 12 மணி நேரம். ஓஷனிஸ் 6.5 நாட் போனால் ஒன்பதேகால் மணி. பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடைசி மூன்று மணி நேரம்தான் வாந்தியும் அழுகையும். பிரிட்டனியிலிருந்து ஸ்பெயினின் லா கொருன்யா வரை ஏறத்தாழ 340 மைல். ஒன்றில் மூன்று பகலிரவு, மற்றதில் இரண்டும் கொஞ்சமும்.

அடுத்தது சுமை. நான்கு பேர், தண்ணீர், சாப்பாடு, ரப்பர் படகு, நங்கூரச் சங்கிலி, துணிமணி என்று சேர்த்தால் 800 கிலோ சுலபமாக வந்துவிடும். கான்டெஸாவின் எடையில் இது ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. தோராயக் கணக்கில் படகு 6 சென்டிமீட்டர் அமிழும். ஏற்கெனவே தாழ்ந்த பக்கங்கள் கொண்ட படகு இன்னும் தாழ்கிறது. ஓஷனிஸ் 3 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும்.

கடலில் நடத்தை என்று வந்தால் பழையது பல இடங்களில் ஜெயிக்கிறது. எதிர்க்காற்றில் கான்டெஸா அலையை வெட்டிக்கொண்டு போகும், ஆனால் ஆளை முழுக்க நனைத்துவிடும். ஓஷனிஸின் தட்டையான முன்வயிறு, கால்வாயின் குட்டைக் குட்டை அலைகளில் பலகையைத் தரையில் அறைவதுபோல் அடிக்கும். அப்போது காற்றிலிருந்து 5, 10 டிகிரி விலகி ஓட்டுங்கள், ஒரு ரீஃப் போடுங்கள் (பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டுங்கள்), அறைதல் பாதியாகும். ஒன்று நினைவிருக்கட்டும்: அகலமான படகு 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் சுக்கான் பிடி தளர்ந்து, படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிவிடும். கான்டெஸா 25 டிகிரி சாய்வில் கூட நிம்மதியாகப் போகும். பழைய படகில் பழகியவர்கள் புதியதில் ரீஃப் போடத் தாமதிப்பது இதனால்தான்.

தூக்கத்துக்கும் இதே கணக்கு. ஓஷனிஸின் விசாலமான இரட்டைக் கட்டில் துறைமுகத்தில் சுகம். கடலில் அதில் படுத்தவர் இரவெல்லாம் உருளுவார். நடுவில் ஒரு துணித் தடுப்பு கட்டாமல் இரவுப் பயணம் போகாதீர்கள். கான்டெஸாவின் ஒடுங்கிய பெஞ்சு, பக்கத் துணியை இழுத்துக் கட்டினால், அருமையான கடல் படுக்கை. ஆனால் ஆறடி ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மழையில் மூன்று நாள் நான்கு பேர் அடைந்து கிடந்தால் சண்டை வரும்.

இருபது நாள் விடுமுறையில் பதினாறு இரவாவது துறைமுகத்திலோ நங்கூரத்திலோதான் கழியும். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு ஓஷனிஸ் என்றே சொல்வேன். வாங்கிய பிறகும் கையில் விலையில் 15 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்ற நிபந்தனையோடு. மிஞ்சாது என்றால் கான்டெஸாவை வாங்கி, பிள்ளைகளுக்கு நீச்சலும் பொறுமையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் இருவர் மட்டும் என்றிருந்தால் யோசிக்காமல் கான்டெஸாவைச் சொல்லியிருப்பேன்.

கேள்வி: நீர்மட்ட நீளம் அதிகமானால் வேகம் ஏன் கூடுகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: படகு தன் ஓட்டத்தில் தானே ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலை நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமானதும், படகு தான் எழுப்பிய பள்ளத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். மேலே ஏற எஞ்சின் சக்தியும் போதாது, பாயும் போதாது. மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் வரும். கான்டெஸாவுக்கு 6.6, ஓஷனிஸுக்கு 8. லேசான, பின்பக்கம் அகலமான படகு பின்காற்றில் சில நேரம் இந்த எல்லையைத் தாண்டி வழுக்கும். கனத்த படகு தாண்டாது.

கேள்வி: பெரிய படகுதான் கவிழாது என்கிறார்கள். ஆனால் 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் சின்னப் படகு தப்பியதாகப் படித்தேன். எது சரி?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக் கேட்கிறீர்கள். கவிழ்வது எளிதா என்பது ஒன்று. கவிழ்ந்த பின் நிமிருமா என்பது வேறு.

முதலாவதில் பெரிய படகுக்கே சாதகம். தொட்டியில் மாதிரிப் படகுகளை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது இது: படகு நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழும் வாய்ப்பு தொடங்குகிறது, 60 சதவீதம் என்றால் எந்தப் படகும் தப்புவது அரிது. 30 சதவீதம் என்பது கான்டெஸாவுக்கு 2.9 மீட்டர், ஓஷனிஸுக்கு 3.45 மீட்டர். உடையாத அலை எவ்வளவு உயரமானாலும் படகு மேலேறி இறங்கிவிடும். ஆபத்து நுரை தள்ளி உடையும் அலையில்தான்.

இரண்டாவதில் கான்டெஸா வேறு ரகம். டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் 1971 முதல் கட்டிய படகு இது. மொத்த எடையில் 47 சதவீதம் அடிப்பாரம், அதுவும் ஆழத்தில். சுமார் 155 டிகிரி வரை சாய்த்தாலும் நிமிரப் பார்க்கும். அதாவது ஏறக்குறையத் தலைகீழாக நின்றால்தான் அப்படியே நிற்க யோசிக்கும். அடுத்த அலை தட்டினால் திரும்பிவிடும். 1979 ஆகஸ்ட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின, போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்த ஒரே படகு 'அசென்ட்' என்ற கான்டெஸா 32.

அந்தப் பேரிடருக்குப் பிறகு எழுந்த ஆய்வில் பிறந்ததுதான் கவிழ்வு எண். படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, வந்ததற்குக் கனமூலம் காணுங்கள். அடியிலுள்ள அகலத்தை அதால் வகுங்கள். 2க்குக் கீழே என்றால் நடுக்கடலுக்கு ஏற்றது என்பது பழைய கணக்கு. கான்டெஸாவுக்கு 1.79, ஓஷனிஸுக்கு 2.12 வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு புதிய படகை ஒதுக்கிவிட வேண்டாம். அடிப்பாரத்தைக் கழற்றிப் பாய்மர உச்சியில் கட்டினாலும் இந்த எண் மாறாது! எடை எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது.

இன்றைய ஐரோப்பிய விதி இதைவிட நுட்பமானது. நடுக்கடலுக்கு உரிய ஏ வகை என்ற முத்திரைக்குப் படகு எந்தக் கோணம் வரை நிமிர வேண்டும் என்பதை, 130லிருந்து கிலோ எடையின் 0.002 மடங்கைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 6,850 கிலோவுக்கு 116 டிகிரி போதும். ஓஷனிஸ் 38.1 எட்டுப் பேருக்கு அந்த முத்திரை பெற்ற படகு. விதி கேட்கும் 116க்கும் கான்டெஸாவின் 155க்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை.

கேள்வி: புயலில் படகை நிறுத்திவைக்கும் முறை பழைய படகில் மட்டும்தான் பலிக்குமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: பழையதில் எளிது. முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே படகைக் காற்றுக்குக் குறுக்கே மறுபக்கம் திருப்புங்கள். முன்பாய் இப்போது தப்பான பக்கத்தில் பிடித்து மூக்கைத் தள்ளும். பெரிய பாயின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சுக்கான் கைப்பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள். சக்கரம் என்றால் காற்று வரும் பக்கம் சுழற்றிப் பூட்டுங்கள். முன்பாய் ஒரு பக்கம் தள்ள, சுக்கான் எதிர்ப்பக்கம் தள்ள, படகு ஒன்றிரண்டு நாட் வேகத்தில் மெல்ல நழுவிக்கொண்டு நிற்கும். தேநீர் போடலாம்.

புதிய, ஆழமற்ற வயிறும் ஒல்லிக் கீலும் (படகின் அடியில் இறங்கும் கனத்த தகடு) உள்ள படகில் இதே உத்தி கைவிடும். கீலின் பிடி அந்த மெதுவான வேகத்தில் போய்விடும், காற்று மூக்கைப் பிடித்துத் தள்ளும், படகு அலைக்குப் பக்கம் காட்டிவிடும். முன்பாயை முழுதாகச் சுருட்டிவிட்டு, மூன்றாவது ரீஃப் போட்ட பெரிய பாயை மட்டும் வைத்துப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டி மூக்கைப் பிடித்து நிறுத்தலாம். காற்று 20 நாட் அடிக்கும் சாதாரண நாளில் பழகிக்கொள்ளுங்கள். புயலன்று முதல்முறையாகச் செய்து பார்ப்பது வேண்டாத வேலை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 30 சதுர மீட்டர் முன்பாயில் 20 நாட் காற்றில் கயிற்றின் இழுவை சுமார் 250 கிலோ. காற்று 28 நாட் ஆனால் இழுவை இரண்டு மடங்கு. ஏனெனில் அது காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பெரிய படகில் பாயும் பெரிது. கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சிலிருந்து அது நழுவினால் விரல் போகும். பிள்ளைகள் கைக்கு எட்டும் வின்ச் எது என்று முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: ஐம்பது வருடப் பழைய ஃபைபர் கிளாஸ் படகை வாங்கும்போது எதை எதைச் சோதிப்பது?
– வாசகர், டொரான்டோ

பதில்: சர்வேயர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவருக்குக் கூலி கொடுக்கும் முன்பே பாதிப் படகுகளை நீங்களே கழித்துவிடலாம்.

ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மேல்தளத்தைக் கைச்சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ‘தொப்’ என்று செத்த ஓசை வந்தால், உள்ளே பால்சா மரம் நனைந்து உளுத்திருக்கிறது அல்லது அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. கம்பிப் பிடிகள், தூண்கள் திருகிய இடங்களைச் சுற்றித்தான் தொடங்கும். நெடுநாள் தளர்ந்த ஒரே ஒரு போல்ட் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் போதும்.

தண்ணீருக்கு அடியில் உள்ள வால்வுகளை அடுத்துப் பாருங்கள். பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து, வெறும் செம்புச் சல்லடையாகிவிடும். கத்தி முனையால் லேசாகக் கீறுங்கள்: மஞ்சள் தெரிந்தால் நல்லது, செம்பு போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கையால் உடையும் நிலை. இது பழைய படகின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புதிய படகு பலவற்றிலும் சாதாரணப் பித்தளை வால்வே பொருத்தி வருகிறது. 2017 படகில் மாற்றாமல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள், துத்தநாகத்தை இழக்காத, டி.இசட்.ஆர். என்று பொறித்த வால்வோ வெண்கலமோ போடுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலானவை என்றால், பல காப்பீட்டு நிறுவனங்கள் மாற்றச் சொல்லும். கம்பி முனையை அழுத்திப் பொருத்திய குழாயின் கழுத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருக்கலாம். துருக்கோடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி முழுதும் போச்சு.

சுக்கானைக் கடைசியாக விடாதீர்கள். ஓட்டுக்குள் நுரை, நுரைக்குள் எஃகுச் சட்டம் என்பது வழக்கமான கட்டு. படகைக் கரையேற்றியதும் சுக்கானின் அடிமூலையில் இருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டினால், உள்ளே சட்டம் துருப்பிடிக்கிறது. கைப்பிடியை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சுக்கான் தகட்டை ஆட்ட வேண்டும். தகடு அசைந்து கைப்பிடி அசையாவிட்டால், சட்டம் தண்டிலிருந்து விட்டுப்போயிற்று.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் பயந்து ஓடாதீர்கள். விலையைக் குறைக்க நல்ல காரணம், படகு மூழ்கக் காரணம் அல்ல.

கேள்வி: போல்ட் போட்டு மாட்டிய கீல் கழன்று விழும் என்பது மிகைப்படுத்தலா?
– வாசகர், லண்டன்

பதில்: அபூர்வம்தான், ஆனால் கற்பனை இல்லை. 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டன் திரும்பிய ‘சீக்கி ரஃபிகி’ என்ற படகு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது; நால்வர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும், அதன் பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து உள்கட்டுமானத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பது விசாரணையின் கருத்து.

கான்டெஸாவில் கீல் உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது, அடிப்பாரம் ஃபைபர் கிளாஸுக்குள் அடைபட்டிருக்கிறது. கழல போல்ட்டே இல்லை. ஓஷனிஸில் வார்ப்பிரும்புக் கீலை உடலின் அடியில் போல்ட்டால் முடுக்கியிருக்கிறார்கள். உள்ளே தனியாக வார்த்த ஒரு சட்டகத்தை ஒட்டியிருக்கிறார்கள். சுமையைப் பரப்புவது அதுதான். 6 நாட் வேகத்தில் பாறையில் மோதினால் கீலின் முன்பக்கம் கீழே இழுக்கும், பின்பக்கம் மேலே குத்தும். சேதம் பெரும்பாலும் பின்விளிம்பின் மேலேதான், பலகைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

வாங்கும்போது செய்ய வேண்டியது: கிரேன் பட்டையில் படகு தொங்கும்போது கீலும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். தரையில் உட்கார்த்தியதும் மறுபடி பாருங்கள். தொங்கும்போது திறந்து, உட்காரும்போது மூடும் இடைவெளி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருக்கும் மெல்லிய கோடு பெரும்பாலும் பசை வெடிப்புதான். உள்ளே பலகைகளைத் தூக்கி, சட்டகம் உடலோடு ஒட்டிய விளிம்பில் விரல் நகத்தால் தடவுங்கள். போல்ட்டைச் சுற்றித் துருநீர் கசிந்த தடமோ, வாஷருக்கு அடியில் நட்சத்திர விரிசலோ இருந்தால் அதுவே சாட்சி. ஸ்பேனரை எடுத்து முடுக்கிப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம், நோயை மறைக்கும்.

கேள்வி: பராமரிப்புச் செலவு படகு விலைக்கு ஏற்றபடி வருமா?
– வாசகி, பர்மிங்காம்

பதில்: வராது. செலவு படகின் அளவைப் பார்க்கும், நீங்கள் கொடுத்த விலையைப் பார்க்காது. மலிவாக வாங்கிய பெரிய படகுதான் பலரைத் தின்றது.

அடிப்பாகத்துக்குப் பாசி தடுக்கும் பெயின்ட் கணக்கைப் பாருங்கள். நீர்மட்ட நீளத்தை, அகலமும் ஆழமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் பெருக்கி, நடுத்தரக் கீல் படகுக்கு 0.75ஆலும், ஒல்லிக் கீல் படகுக்கு 0.5ஆலும் பெருக்க வேண்டும். கான்டெஸாவுக்கு 25 சதுர மீட்டர், ஓஷனிஸுக்கு 32.5. லிட்டருக்குப் பத்துச் சதுர மீட்டர் என்றால் இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர், 6.5 லிட்டர். இதில் பெரிய வேறுபாடு இல்லை. அடி விழுவது பாய், கம்பி, வின்ச், படகுத்துறை (மெரினா) வாடகை ஆகியவற்றில். வாடகை மீட்டர் கணக்கு.

2017 படகு ‘புதுசு’ என்று ஏமாறவும் வேண்டாம். கம்பிகள் மாற்றும் வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினின் கால் படகின் அடிவழியாக இறங்கும் சேல் டிரைவ் வகை என்றால், அந்தத் துளையை அடைக்கும் ரப்பர் தகட்டை 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளரும் உண்டு. படகைக் கரையேற்றி எஞ்சினை முன்னால் நகர்த்தினால்தான் அது கைக்கு வரும். மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கேள்வி: அபிலாஷ் டோமி உலகைச் சுற்றிய கோல்டன் குளோப் பந்தயத்தில் கான்டெஸா ஏன் இல்லை?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அந்தப் பந்தயத்துக்கு 1988க்கு முன் வரைந்த, 32 முதல் 36 அடிக்குள்ளான படகு வேண்டும், முழு நீளக் கீலும், அதன் பின்விளிம்பிலேயே பொருத்திய சுக்கானும் கட்டாயம். கான்டெஸாவின் கீலும் சுக்கானும் தனித்தனி, சுக்கானுக்கு முன்னால் ஒரு தாங்கு துடுப்பு மட்டும். அதனால் வயது சரியாக இருந்தும் விதியில் விழுந்துவிடுகிறது. 2022இல் தொடங்கிய பந்தயத்தில் டோமி இரண்டாமிடம் பெற்றது ரஸ்லர் 36 என்ற படகில்.

கேள்வி: கீல், ஷீட், ஹாலியார்ட் என்றெல்லாம் எழுதுகிறீர்களே, தமிழில் சொல் இல்லையா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! கீலுக்கு ஏரா, படகின் முன்பக்கத்துக்கு அணியம், பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயின் பின்மூலைக் கயிற்றுக்குத் தாமான். தோணிக்காரர்கள் புழங்கிய சொற்கள். ஆனால் உதிரிபாகக் கடையில் போய் ‘எட்டு மில்லி தாமான் பன்னிரண்டு மீட்டர்’ என்றால் கொடுப்பாரில்லை. அதனால்தான் இங்கே இரண்டும் கலந்து வருகிறது.